சாவி எந்தப் பக்கம்

— மெதுவா வைங்க அத்தை. இந்த மேசைக்கு ஒரு கால் குட்டை. ஆடுற சத்தத்துல அவரு முழிச்சுக்கப் போறாரு.

— ஆடினா ஆடட்டும். அவன் முழுங்கியிருக்கிற மாத்திரைக்கு, வீடே இடிஞ்சு விழுந்தாலும் முழிக்க மாட்டான் என் பிள்ளை. நீ முதல்ல அந்த டப்பாவைத் திற.

— இதோ. நாலு சாவி. துரு எல்லாம் தேய்ச்சு எண்ணெய் விட்டு வச்சிருக்கேன்.

— இதுதானா? இந்தத் துக்கடா சாமானுக்கா இரும்புக் கடை இரும்புக் கடையா அலைஞ்சான்? நான் என்னமோ ஏதோன்னு நினைச்சேன். பாத்தா கதவுத் தாப்பாள் மாதிரி இருக்கு.

— தாப்பாள் இல்ல அத்தை. இந்தக் காதைப் பிடிச்சுத் திருகினா உள்ள இருக்கிற திருகு மறை சுத்தும். மறை பல்லுச்சக்கரத்தைத் தள்ளும். சக்கரத்தோட சேந்து இந்தத் தண்டு சுத்தும். தண்டுலதான் தந்தியைச் சுத்திவிடுறது. முறுக்கினா சுருதி ஏறும், தளத்தினா இறங்கும். அவ்வளவுதான்.

— அவ்வளவுதான்னு நீ சொல்லுவ. நீ பம்பு கம்பெனிக்காரி. நான் தலையில கல்லு சுமந்தவ. எனக்குத் தெரிஞ்ச மிஷின் சும்மாடு ஒண்ணுதான்.

— உங்களுக்கா தெரியாது? சாரம் கட்டுற ஆளுக்கே கயிறு முடிச்சு சொல்லிக் கொடுக்கிறவங்க நீங்க.

— ஐஸ் வைக்காத. ஓட்டையைப் போடு, பொருத்து, அவன் கேட்டதை முடிச்சுக் கொடுத்துட்டுப் போவோம். வாத்தியமாம் வாத்தியம். எண்ணெய் டின்னுக்குக் கழுத்து முளைச்ச மாதிரி இருக்கு.

— டின்னா இருந்தாலும் கழுத்தைப் பாருங்க. அவரு வேலை பாக்கிற மர மில்லுல கழிச்சுப் போட்ட கட்டை அது. நூல் பிடிச்ச மாதிரி இழைச்சிருக்காரு. எங்க கம்பெனியில வச்சு அளந்து பாத்தேன், ஒரு இடத்துலயும் ஏத்த இறக்கம் இல்ல.

— அதைக் கம்பெனிக்குத் தூக்கிட்டு வேற போனியா? ஜோடி சரியாத்தான் அமைஞ்சிருக்கு. சரி, டிரில்லை எடு.

— எடுக்கலாம். எந்தப் பக்கம் போடறது?

— எந்தப் பக்கம்னா?

— கழுத்து முடியற இடத்துல இந்தத் தலைப்பலகை இருக்கு பாருங்க. இதுக்கு ரெண்டு ஓரம். இந்த ஓரத்துல நாலையும் வரிசையா வச்சா, இடது கையால திருகலாம். அந்த ஓரத்துல வச்சா, வாத்தியத்தை மாத்திப் பிடிச்சுக்கிட்டு வலது கையால திருகணும்.

— ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டா வச்சிடு. எதுக்கு வம்பு?

— நாலும் ஒரே பக்கத்துச் சாவி அத்தை. உடைஞ்சு போன ஏதோ வாத்தியத்துலேருந்து கழட்டினது. அதோட, ரெண்டு பக்கமும் வச்சா ரெண்டு பக்கமும் கை போகணும்.

— அப்போ அவன் வழக்கமா எந்தக் கையால வாசிப்பானோ அந்தப் பக்கம் போடு. இதுல என்ன பெரிய யோசனை?

— வழக்கமா இடது கையாலதான் கழுத்தைப் பிடிப்பாரு. விரலால தந்தியை அழுத்துறது, சாவியைத் திருகுறது எல்லாம் இடது கைதான். வலது கை மீட்ட மட்டும்.

— பின்ன என்ன? இடது கைப் பக்கம் போடு.

— அத்தை.

— என்ன அத்தை?

— இடது கை அத்தை.

— தெரியும். எனக்கு ஞாபகப்படுத்தாத.

— ஞாபகப்படுத்தாம எப்படி? நாளைக்குக் கட்டுப் பிரிக்கிறாங்க. நேத்து ஆஸ்பத்திரி வராண்டாவுல டாக்டர் நம்ம ரெண்டு பேரையும் நிக்க வச்சு என்ன சொன்னாரு? ரம்பத்துல அறுந்து தச்ச விரல் நாலுல ஒண்ணுகூடப் பிடிக்கல, கறுத்துப் போச்சு, நாளைக்குக் கட்டைப் பிரிச்சதும் எடுத்துடணும்னாரு. அதுவரைக்கும் படுக்கை இல்ல, வீட்டுல வச்சிருந்து கூட்டிட்டு வாங்கன்னாரு. கட்டைவிரல் மட்டுந்தான் தப்பிச்சுது.

— அந்த ஆளு அதைச் சொல்லும்போதே வாட்சைப் பாத்துக்கிட்டுச் சொன்னான். பாத்தியா நீ?

— பாத்தேன். போகும்போது இன்னொண்ணும் சொன்னாரே. பேஷண்டுகிட்ட நான் சொல்லல, வீட்டு மனுஷங்க நீங்க பதமா எடுத்துச் சொல்லி வைங்கன்னு.

— பதமா! விரல் போச்சுங்கிறதை என்ன பதத்துல சொல்றது? பாகு காய்ச்சிப் பாத்துச் சொல்றதா? நீ சொல்லு. நீ பொண்டாட்டி.

— நீங்க பெத்தவங்க.

— பெத்ததோட என் வேலை முடிஞ்சுது. கட்டிக்கிட்டு வந்தவ நீ.

— காலையில முகம் கழுவி விட்டது யாரு? நீங்கதானே? அப்பவே சொல்லியிருக்கலாமே.

— சொல்லத்தான் போனேன். சோப்பு நுரை கண்ணுல பட்டுடுச்சு, துடைச்சு விடும்மான்னான். துடைச்சு விட்டேன். அதோட வந்துட்டேன். நீ பக்கத்துலயே படுத்துக் கிடந்தியே, நீ ஏன் சொல்லல?

— சொல்லலாம்னு திரும்பினேன். கட்டைத் தலகாணி மேல தூக்கி வச்சுக்கிட்டு, மில்லுல எப்போ சேத்துப்பாங்கன்னு யோசிச்சுக்கிட்டு இருந்தாரு. நான் போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டேன்.

— பாரு. வாய் கிழியப் பேசுற ரெண்டு பொம்பளைங்க ஒரே வீட்டுல. ஒரு சொல்லு சொல்ல ஆள் இல்ல.

— அதான் எனக்கு ஒண்ணு தோணுச்சு. சொல்லவே வேண்டாம். சாவியை அந்தப் பக்கம் வச்சுடுவோம். வலது கைக்கு. எந்திரிச்சு வந்து பாத்தாருன்னா அவருக்கே புரிஞ்சுடும்.

— என்னது?

— நம்ம வாய் திறக்க வேண்டாம் அத்தை.

— அடிப்பாவி! பெத்த பிள்ளைக்கு இந்தச் சேதியை மரக்கட்டையில ஓட்டை போட்டா சொல்லச் சொல்ற?

— அப்போ வாயால சொல்லுங்க. போங்க. உள்ளதான் படுத்திருக்காரு. எழுப்பிச் சொல்லுங்க.

— சத்தம் போடாத.

— நான் போடல.

— போடுற.

— சரி, போடுறேன். அத்தை, நான் சேதிக்காக மட்டும் சொல்லல. அந்தப் பக்கம் வச்சா நிஜமாவே வாசிக்க முடியும். வலது கையில விரல் அத்தனையும் இருக்கு, அதால அழுத்தட்டும். இடது கையில கட்டைவிரல் இருக்கே, மீட்டறதுக்கு அது போதும். பழகக் கொஞ்ச நாள் ஆகும். ஆனா முடியும். பழைய பக்கம் வச்சா இது சுவத்துல மாட்டறதுக்குத்தான் ஆகும்.

— வாசிச்சுக் கிழிச்சான். அவன் வாசிச்சா நாய்கூட எந்திரிச்சு அடுத்த தெருவுக்குப் போகும்.

— போகும். நான் போகலையே.

— நீ கிறுக்கி. பஸ்ஸுக்கு நின்னவ, எவனோ ஒருத்தன் கடன் வாங்கின வாத்தியத்தை அறுத்துக்கிட்டு இருந்ததைக் கேட்டுப் பஸ்ஸை விட்டவ.

— பஸ்ஸை விட்டது அதுக்காக இல்ல. ஒரு தந்தி சேராமலே வாசிச்சுக்கிட்டு இருந்தாரு. அதைச் சொல்லிட்டுப் போகலாம்னு நின்னேன். சொன்னதும் சிரிச்சாரு. அப்புறம் பஸ்ஸைக் காணோம்.

— அதான் உன் புத்தி. ஒரு நூல் பிசகினா உனக்குப் பொறுக்காது. கம்பெனியில ஓட்டை தள்ளிப் போச்சுன்னு சூப்பர்வைசரோட சண்டை போட்டு, அன்னைக்குச் செஞ்ச சரக்கு மொத்தத்தையும் திருப்பி அனுப்ப வச்சவதானே நீ. அதைச் சொல்லிச் சொல்லி என் பிள்ளை சிரிப்பான்.

— தப்பான ஓட்டை தப்பான ஓட்டைதானே? பூசி மெழுகினா சரியாயிடுமா?

— சரி, உன் சரி தப்பு எல்லாம் இருக்கட்டும். நான் சொல்றேன் கேளு. அவன் என்ன சொல்லிட்டுப் படுத்தான்? எனக்குச் சரியாக் காதுல விழல.

— சாவி நாலையும் இன்னைக்கே பொருத்தி வைங்க, எந்தப் பக்கம்னு உங்களுக்கே தெரியும்னாரு.

— அவ்வளவுதானே? உங்களுக்கே தெரியும்னா பழைய பக்கம்தான். வேற எந்தப் பக்கம்?

— அதுதான் அத்தை எனக்கு இடிக்குது. ஒரு உப்புத்தாள் தேய்க்க என்னை விட்டிருக்காரா? கையை எடு கையை எடுன்னு விரட்டுவாரு. இந்தக் கட்டையை நான் அளந்ததுக்கே ஒரு வாரம் முறைச்சுக்கிட்டு இருந்தாரு. அந்த மனுஷன் இப்போ நீங்களே முடிச்சு வைங்கன்னு ஏன் சொல்லணும்?

— மாத்திரை மயக்கம். ஒத்தைக் கையால டிரில் பிடிக்க முடியாதுன்னு சொல்லியிருப்பான். நீ ஏன் இல்லாததை எல்லாம் தோண்டுற?

— இருக்கலாம். பொறுங்க, ஒரு சாவியை அந்தப் பக்கம் வச்சுப் பாக்கிறேன்.

— பாரு, பாரு. பாத்துக்கிட்டே இரு.

— ம்.

— என்ன ம்?

— ஒரு சிக்கல் இருக்கு. இது அந்தப் பக்கத்துக்குச் செஞ்ச சாவி இல்ல. திருப்பி வச்சா மறை மேல போயிடுது, சக்கரம் கீழ வந்துடுது. தந்தி கீழ்நோக்கி இழுக்கும்போது சக்கரம் மறையை விட்டு விலகும். பல்லு நழுவும். சுருதி நிக்காது.

— பாத்தியா! சாவியே ஒத்துக்க மாட்டேங்குது.

— ஒத்துக்க வைக்கலாம். அடியில மெல்லிசா ஒரு தகடு கொடுத்து இறுக்கினா நழுவாது. எங்க கம்பெனியில நான் தினம் பண்றதுதான்.

— உன் தகடும் வேணாம், ஒண்ணும் வேணாம். அதுவே வேணாம்னு சொல்லும்போது நீ ஏன் முட்டுற? இந்தா, நான் கேக்கிறதுக்குப் பதில் சொல்லு. நாளைக்கு எத்தனை மணிக்குப் பிரிக்கிறாங்க?

— காலையில.

— அப்போ அவனுக்கு இருக்கிறது இந்த ஒரு பொழுது. விரல் எல்லாம் வந்துடும்னு நினைச்சுக்கிட்டுத் தூங்கட்டுமே. நாளைக்கு அந்த டாக்டரே சொல்லட்டும். சம்பளம் வாங்கறான்ல?

— நாளைக்கு அங்கே போய்த் தெரிஞ்சா இன்னும் மோசமா இருக்காதா?

— இருக்கும். ஆனா நாளைக்கு நாம பக்கத்துல இருப்போம். ஆளுக்கு ஒரு தோளைப் பிடிச்சுக்குவோம். இன்னைக்குச் சொன்னா, இந்தப் பகலையும் ராத்திரியையும் இந்த வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டு என்னடி பண்றது? நீ சொல்லு. அவன் மூஞ்சியை எங்கே கொண்டு போய் வைக்கிறது?

— எனக்குத் தெரியல.

— எனக்கும் தெரியல. முப்பது வருஷம் கல்லு தூக்கினேன். இதைத் தூக்கத் தெரியல.

— அழாதீங்க அத்தை. இந்தாங்க, துணி.

— இது எண்ணெய்த் துணிடி.

— ஐயோ. இந்தப் பக்கத்தால துடைங்க.

— அம்மா!

— பாத்தீங்களா, கூப்பிடறாரு. முழிச்சுட்டாரு.

— என்னப்பா? படுத்துக்க, எந்திரிக்காத. இதோ இங்கேதான் இருக்கோம்.

— தண்ணி வேணாம்மா, ஒண்ணும் வேணாம். சுண்டு விரல் அரிக்குது.

— என்னது?

— சுண்டு விரல்மா. கட்டுக்குள்ள. இப்போ கொஞ்ச நேரமா அரிக்குது. அரிச்சா அதுல உயிர் இருக்குன்னுதானே அர்த்தம்?

— அத்தை, பதில் சொல்லுங்க.

— நீ சொல்லு.

— அம்மா, காதுல விழுதா?

— விழுது சாமி. ஆமாப்பா. அரிச்சா நல்லதுதான். கண்ணை மூடு.

— சரிம்மா. சாவி பொருத்தியாச்சா?

— இதோங்க, ஆரம்பிக்கப் போறேன். டிரில் சத்தம் போடும், பரவாயில்லையா?

— போடு போடு. சத்தம் கேட்டா நல்லாத்தான் இருக்கும்.

— கதவைச் சாத்திட்டு வாங்க அத்தை.

— சாத்திட்டேன்.

— டிரில்லைக் கொடுங்க.

— எந்தப் பக்கம்?

— பழைய பக்கம்.

— நிஜமாவா?

— கேக்காதீங்க அத்தை. கேட்டா நான் போட மாட்டேன். கட்டையை மடியில வச்சு அழுத்திப் பிடிங்க. அசையக் கூடாது.

— அசையல. நான் பிடிச்சா கல்லு.

— அந்தக் கோட்டு மேல கை வைக்காதீங்க. இன்னும் தள்ளி. உங்க விரலையும் சேத்துத் தொளைச்சுடப் போறேன்.

— தொளைச்சா தொளை. எடுத்து அவனுக்கு வைக்க முடியும்னா நாலையும் தொளை.

— அத்தை, சும்மா இருங்க. கோடு தப்பிடும் எனக்கு.

— உனக்கா? மிஷினே உன்னைப் பாத்து நடுங்கும்பானே என் பிள்ளை.

— இன்னைக்குத் தப்பும். ம், ஒண்ணு போச்சு. தூளை ஊதுங்க.

— மரத்தூள் வாசனை. இந்த வாசனையோடத்தான் தினம் வீட்டுக்குள்ள நுழைவான். சட்டையை உதறிட்டு வாடான்னு கத்துவேன்.

— ரெண்டு. இங்கே கணு இருக்கு, வழுக்கும். நல்லாப் பிடிங்க.

— பிடிச்சிருக்கேன். இந்தக் கணுவைப் பாரேன், கண்ணு முழிச்சுப் பாக்கிற மாதிரியே இருக்கு.

— மூணு. இடைவெளி சரியா இருக்கா, அங்கேருந்து பாத்துச் சொல்லுங்க.

— பல்லு வரிசை மாதிரி இருக்கு.

— நாலு. முடிஞ்சுது. சாவியைக் கொடுங்க. அந்தச் சின்னத் திருகாணி, கீழே போட்டுடாதீங்க, தேடி மாளாது.

— இந்தா. எல்லாம் சிக்குனு உக்காருதே.

— உக்காரும். இந்தப் பக்கத்துக்குச் செஞ்சதுதானே. மறை கீழ, சக்கரம் மேல. எவ்வளவு இழுத்தாலும் விலகாது. இவ்வளவு கச்சிதமா நான் எதையும் பொருத்தினதே இல்ல அத்தை.

— அப்புறம் ஏன் மூஞ்சி அப்படிப் போகுது?

— இவ்வளவு கச்சிதமா நான் எந்தத் தப்பையும் பண்ணினதில்ல. நான் உள்ள போய்ச் சொல்லிடறேன். இப்பவே. நீங்க வேணாம், நான் ஒருத்தியே சொல்லிடறேன்.

— இருடி. கதவு சத்தம்.

— நீங்க எதுக்கு எந்திரிச்சு வந்தீங்க? தலை சுத்தும். நானே உள்ளே கொண்டு வரப் போனேன்.

— டிரில் நின்னுடுச்சே. படுக்க முடியல. எங்கே, காட்டு.

— உக்காருப்பா முதல்ல. அந்தக் கையைத் தொங்கப் போடாத.

— காட்டும்மா. எந்தப் பக்கம் போட்டிருக்கீங்க?

— ஏங்க, ஒரு நிமிஷம் நான் சொல்றதை...

— இந்தப் பக்கமா! இடது கைக்கா!

— என்னப்பா? ஏன் இப்படி மூச்சு வாங்குது? ஏன் அழற?

— ஒண்ணுமில்லம்மா. அழல. ஐயோ. ஒரு நிமிஷம் இரு. அதை இப்படிக் கொடு, மடியில வச்சுப் பாக்கிறேன்.

— பிடிங்க அத்தை. இந்த ஸ்டூல்ல உக்காருங்க நீங்க.

— நேத்து வராண்டாவுல டாக்டர் உங்க ரெண்டு பேரையும் நிக்க வச்சுப் பேசினாருல்ல? கண்ணாடி ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டே இருந்தேன். என்ன சொன்னாருன்னு கேக்க எனக்குத் தைரியம் இல்ல. கேட்டா நீ ஏதாவது சொல்லிச் சமாளிப்ப அம்மா. இவளும் தலையாட்டுவா. உங்க வாயை நான் நம்ப மாட்டேன். ஆனா இவ கை இருக்கே, அது பொய் சொல்லாதும்மா. யாரு என்ன சொன்னாலும் ஒரு ஓட்டையைத் தப்பான இடத்துல போடாது. அதான் சாவியை வைக்கச் சொல்லிட்டுப் போய்ப் படுத்துக்கிட்டேன். விரல் போயிடுச்சுன்னா இவ அந்தப் பக்கந்தான் வைப்பா. எப்படியும் நான் வாசிக்கணும்னு தகடு கிகடு கொடுத்தாவது அந்தப் பக்கம் வச்சுடுவா. நீங்க கதவைச் சாத்தினதும் ஒவ்வொரு ஓட்டையா கேட்டுக்கிட்டே படுத்திருந்தேன்.

— ஏங்க, நான் சொல்றதைக் கேளுங்க. அது வந்து, நானும் அத்தையும்...

— நீ ஒண்ணும் சொல்ல வேணாம். சொல்ல வேண்டியதை எல்லாம் இது சொல்லிடுச்சு. பாரு, சாவி எவ்வளவு அழகா திரும்புது!

— அத்தை, நீங்களாவது...

— என்னால முடியலடி.

— ரெண்டு பேரும் ஏன் இப்படிப் பாக்கிறீங்க? சிரிங்கம்மா. நாளைக்கு நீங்க யாரும் வேலையைக் கெடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வர வேணாம், கட்டுப் பிரிக்க நான் ஒருத்தனே போயிட்டு வந்துடறேன்.